முத்திரையும் முகமும்

ஆரணிக்காரர்கள் ஊர்ப்பேர் சொல்லி விற்கிற சரக்கு இரண்டு. ஒன்று பட்டு, இன்னொன்று அரிசி. கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் இந்த ஊருக்குள் தெருத்தெருவாகத் தறிகள். ஊரைத் தாண்டினால் ஏரிப் பாசனத்து நெல் வயல்கள், நடுநடுவே அரிசி ஆலைகள். பக்கத்தில் களம்பூர். மளிகைக்கடையில் 'களம்பூர்' என்று ஆரம்பித்தால் 'பொன்னி' என்று கடைக்காரரே முடித்துவிடுவார். பட்டுக்கும் அரிசிக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. கண்ணை மட்டும் நம்பி வாங்கினால் ஏமாறலாம். அதனால் இரண்டு வியாபாரத்திலும் 'இது அசல்தான்' என்று யாராவது சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சாட்சி யார், அவருக்குக் கூலி கொடுப்பது யார் என்பது பழைய கேள்வி.

சில வருடங்களாக மூன்றாவது சரக்கு ஒன்று சேர்ந்திருக்கிறது. ரசாயன உரமும் பூச்சிமருந்தும் போடாமல் விளைந்த நெல், வேர்க்கடலை, காய்கறி. இதை ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கரில் விளைவிக்கிற ஆட்கள் இந்தப் பக்கமும் இருக்கிறார்கள். அவர்கள் விற்கப் போகும்போது முதலில் கேட்கப்படுவது விலை அல்ல, "சர்டிபிகேட் இருக்கா?" என்பதுதான். அரசாங்கத் தமிழில் அதற்கு 'அங்ககச் சான்று' என்று பெயர். சிறு விவசாயிக்கு அந்தச் சான்று உண்மையிலேயே தேவையா?

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் இதில் குழப்பம் அதிகம். விளைந்ததை விற்க எந்தச் சான்றும் வேண்டாம். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் விவசாயியையும் அவர் பயிரையும் தன் எல்லைக்கு வெளியேதான் வைத்திருக்கிறது. சிக்கல் 'ஆர்கானிக்' என்ற சொல்லை எழுதி விற்கும்போது வருகிறது. அதற்கென்று 2017இல் தனி ஒழுங்குமுறை வந்தது. அதன்படி அந்தச் சொல்லைப் போட்டு விற்கும் உணவுக்கு இரண்டு சான்றுகளில் ஒன்று இருக்க வேண்டும். ஒன்று ஏற்றுமதிக்காக வந்த என்.பி.ஓ.பி. மற்றொன்று விவசாயிகள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளும் பி.ஜி.எஸ். ஆனால் அதே ஒழுங்குமுறையில் ஒரு விலக்கும் இருக்கிறது. சிறு உற்பத்தியாளரோ உற்பத்தியாளர் குழுவோ சாப்பிடுகிறவருக்கு நேரடியாக விற்றால் சான்று கட்டாயமில்லை. பதப்படுத்திய பொருளுக்கு இந்த விலக்கு கிடையாது. வயலில் பறித்த கத்தரிக்காயைக் கூடையில் வைத்து விற்கலாம். அதே ஆள் தன் கடலையைச் செக்கில் ஆட்டி, பாட்டிலில் 'ஆர்கானிக்' என்று எழுதினால் சட்டம் வேறு.

ஆக, சட்டமே ஒரு கோடு போட்டிருக்கிறது. நேருக்கு நேர் விற்றால் வேண்டாம், நடுவில் ஆள் வந்தால் வேண்டும். இந்தக் கோட்டை உணவுத்துறை அதிகாரிகள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. வியாபாரம் தொடங்கிய காலத்திலிருந்தே அது இருக்கிறது.

புலி முத்திரையும் வண்ணக்கரும்

காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் வந்திறங்கும் சரக்குக்கும் வெளியே போகும் சரக்குக்கும் சோழனின் புலி முத்திரை குத்தப்பட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. சங்கப் புலவர்களின் பெயர்களில் 'வண்ணக்கன்' என்ற அடைமொழியைப் பார்க்கிறோம். வடம வண்ணக்கன் தாமோதரனார் என்று ஒருவர், வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் என்று ஒருவர். வண்ணக்கன் என்றால் நாணயத்தின் மாற்றுப் பார்க்கிறவர். காசு நல்லதா கெட்டதா என்று சொல்வதற்கு அன்றைக்கே தனித் தொழில் இருந்திருக்கிறது.

முத்திரை துறைமுகத்தில் இருக்கிறது, முன்பின் தெரியாதவர்கள் கொடுத்து வாங்கும் இடத்தில். உள்ளூர்ச் சந்தையில் யாரும் கீரைக்கட்டுக்குப் புலி முத்திரை குத்தவில்லை. கீரை விற்கிறவளின் வீடு தெரியும், கிணறு தெரியும். போன வாரம் கொடுத்தது கசந்தால் இந்த வாரம் அவளிடமே கேட்கலாம். முத்திரை செய்கிற வேலையை அங்கே அவள் முகமே செய்துவிடுகிறது.

பிரிட்டிஷ் ஆட்சியில் விளைபொருளுக்கு முத்திரை வந்த கதையும் இதே மாதிரிதான். 1928இல் அறிக்கை கொடுத்த வேளாண்மைக்கான ராயல் கமிஷன், சந்தையில் தரம் பிரித்து விற்க ஏற்பாடு வேண்டும் என்றது. 1935இல் அதற்கென்று ஒரு மத்திய அலுவலகமும், 1937இல் தரம் பிரித்து முத்திரையிடும் சட்டமும் வந்தன. நாம் நெய் டப்பாவிலும் தேன் பாட்டிலிலும் பார்க்கிற 'அக்மார்க்' அதுதான். பேச்சு வழக்கில் 'அவன் அக்மார்க் திருடன்' என்று சொல்லும் அளவுக்கு அந்தச் சொல் தமிழில் ஊறிவிட்டது.

ஒரு புடவைக்கு மூன்று முத்திரை

பட்டு விஷயத்தில் நான் கொஞ்சம் உரிமையோடு பேசலாம். வீட்டில் தறி இருந்தது. விடிகாலையில் தெரு நெடுகப் பாவு நீட்டிக் கட்டியிருக்கும்போது சைக்கிளை இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். சௌராஷ்டிரம், தெலுங்கு, தமிழ் என்று மூன்று மொழியிலும் பாவைப் பற்றிய திட்டு காதில் விழும்.

பட்டு அசலா என்று பார்க்க எங்கள் வீட்டுப் பெண்கள் ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுவார்கள். முடி பொசுங்கும் வாசனை வந்து, கரி விரலில் பொடிந்தால் பட்டு. உருகிக் கெட்டியாகத் திரண்டால் பாலியெஸ்டர். ஜரிகை இவ்வளவு சுலபமில்லை. வெள்ளியும் தங்கமும் சேர்ந்த ஜரிகை ஒரு விலை, செம்பின் மேல் முலாம் பூசியது ஒரு விலை. இந்த இரண்டாவதற்குக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'டெஸ்டட் ஜரிகை'. 'சோதித்தது' என்று அர்த்தம் வருகிற சொல், மலிவான சரக்கின் பெயராகிவிட்டது. முத்திரைச் சொற்களின் ஆயுளைப் பற்றி யாராவது கேட்டால் நான் இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன்.

அரிசியிலும் அப்படித்தான். 'பொன்னி' ஒரு குறிப்பிட்ட நெல் ரகத்தின் பெயர். வெள்ளைப் பொன்னி கோவை வேளாண் பல்கலைக்கழகம் கொடுத்தது. ஆந்திரத்தில் பாபட்லாவில் உருவான பி.பி.டி. 5204 முற்றிலும் வேறு ரகம். தமிழ்நாட்டுக் கடைகளில் அதற்கும் 'டீலக்ஸ் பொன்னி', 'ஆந்திரா பொன்னி' என்று பெயர் வந்துவிட்டது. நல்ல பெயர் ஒன்று கிடைத்தால் சந்தை அதை விட்டுவைக்காது.

சரி, பட்டுக்கு என்ன செய்தார்கள்? 2004இல் மத்தியப் பட்டு வாரியம் 'சில்க் மார்க்' கொண்டுவந்தது. அது நூல் சுத்தமான பட்டு என்று மட்டும் சொல்லும். கைத்தறியா விசைத்தறியா என்று சொல்லாது. அதற்கு 2006இல் 'கைத்தறி முத்திரை' தனியாக வந்தது. எந்த ஊர் என்று சொல்வதற்குப் புவிசார் குறியீடு. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்த அது, பின்னால் ஆரணிப் பட்டுக்கும் கிடைத்தது. ஆக, ஒரு புடவை தன் உண்மையை முழுசாகச் சொல்ல மூன்று முத்திரை வேண்டும். மூன்றிலும் இல்லாத ஒரு தகவல், அதை நெய்தவர் பெயர். பாவும் ஜரிகையும் கொடுத்து நெய்து வாங்குகிற முதலாளியிடம் கூலிக்கு நெய்பவருக்கு, முத்திரையினால் கிடைக்கும் அதிக விலையில் பங்கு வருமா என்பது முத்திரையின் வேலையில் சேர்த்தி இல்லை. ஆரணியில் நெய்த புடவை காஞ்சிபுரம் என்ற பேரில் கடைக்குப் போவதும் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

வயலுக்கு வந்த காகிதம்

இப்போது நெல்லுக்கு வருவோம். பட்டைக் கொளுத்திப் பார்க்கலாம். ஜரிகையை உரைத்துப் பார்க்கலாம். யூரியா போட்டு விளைந்த அரிசியையும் எருப் போட்டு விளைந்த அரிசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணோ நாக்கோ பிரிக்காது. சமைத்துச் சாப்பிட்ட பிறகும் தெரியாது. ஆய்வகத்தில் கொடுத்தால் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறதா என்று சொல்வார்கள். எப்படி விளைந்தது என்பதை அந்தச் சோதனை சொல்லாது. வாங்கின பிறகும் வாங்கினவர் சரிபார்க்க முடியாத இந்த வகைச் சரக்கைப் பற்றி டார்பி, கார்னி என்ற இரு பொருளியலாளர்கள் 1973இல் எழுதினார்கள். தமிழில் 'நம்பிக்கைச் சரக்கு' என்று சொல்லலாம். வைத்தியம், வண்டி ரிப்பேர், ஆர்கானிக் அரிசி மூன்றும் அதில் சேரும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த விவசாயத்துக்கு உலகத்தில் பெயர் வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருவரான ஆல்பர்ட் ஹோவார்டு பாடம் படித்தது இந்தியாவில். இந்தூரில் உரக்குழி போட்டு, இந்திய விவசாயிகளிடமிருந்தும் கற்றுக்கொண்டு, 1940இல் புத்தகமாக எழுதினார். அதைப் படித்தவர்கள் இங்கிலாந்தில் 1946இல் மண் சங்கம் ஆரம்பித்தார்கள். அந்தச் சங்கம் 1967இல்தான் விதிமுறைகளை எழுதியது, 1973இல் சான்று கொடுக்க ஆரம்பித்தது. இருபது வருடத்துக்கு மேல் அவர்களுக்கும் சான்று தேவைப்படவில்லை. அதே 1973இல் கலிபோர்னியாவில் விவசாயிகள் தங்களுக்குள் ஒரு சங்கம் வைத்து, ஒருவர் வயலை இன்னொருவர் போய்ப் பார்த்து 'சரி' என்றார்கள். அங்கே அதுதான் சான்று. சக விவசாயியின் வாய்ச்சொல்.

பிறகு சூப்பர் மார்க்கெட் வந்தது. 1988இல் கலிபோர்னியாவில் சாதாரணக் கேரட்டை ஆர்கானிக் பைகளில் மாற்றிக் கட்டி விற்றது அம்பலமானது. 1990இல் அமெரிக்காவில் தேசியச் சட்டம், 1991இல் ஐரோப்பாவில் ஒழுங்குமுறை. விவசாயியும் வேண்டாம், வாங்குபவரும் வேண்டாம், மூன்றாவது ஆள் ஒருவர் வந்து பார்த்துக் காகிதம் கொடுக்கட்டும் என்று ஆனது. அப்போதும் அமெரிக்கச் சட்டம் வருடத்துக்கு 5,000 டாலருக்குக் கீழே விற்கும் விவசாயியைச் சான்றிலிருந்து விலக்கி வைத்தது.

இந்தியாவில் தேசிய அளவில் ஆர்கானிக் சான்று 2001இல் வந்தது. எந்த அமைச்சகத்திலிருந்து என்று பாருங்கள். விவசாய அமைச்சகம் இல்லை, வர்த்தக அமைச்சகம். எந்தச் சட்டத்தின் கீழ்? அந்நிய வர்த்தகச் சட்டத்தின் கீழ். அதாவது அது துறைமுகத்தைப் பார்த்துக் கட்டின வாசல், புலி முத்திரை மாதிரியே. ஐரோப்பியக் கடையில் டீயும் பருத்தியும் எள்ளும் விற்க அது தேவைப்பட்டது, இன்றைக்கும் தேவை. தமிழ்நாடு அரசு 2007இல் கோயம்புத்தூரில் தன் சான்றளிப்புத் துறையை அமைத்ததும் இந்த என்.பி.ஓ.பி. விதிகளின்படிதான். பயிருக்கு இரண்டு வருடம், மரப்பயிருக்கு மூன்று வருடம் மாற்றக் காலம். குழுவாகச் சேர்ந்தால் 25 முதல் 500 பேர். ஒவ்வொரு விதைக்கும் எருவுக்கும் எழுத்துக் கணக்கு.

இந்தக் காகிதமும் சாகாவரம் பெற்றதல்ல. இந்தியச் சான்று முறையை ஏற்றுக்கொண்டிருந்த அமெரிக்கா, கண்காணிப்பு போதவில்லை என்று சொல்லி 2021 ஜனவரியில் அந்த ஏற்பாட்டை முடித்துக்கொண்டது. முத்திரை குத்தும் கையை யார் பார்ப்பது என்ற கேள்வி எப்போதும் மிச்சம் இருக்கும்.

மேல்மடையும் கீழ்மடையும்

என் சித்தப்பாவுக்கு ஏரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் இருக்கிறது. ஏழு வருடமாக ரசாயனம் போடுவதில்லை. நகரத்துக் கடை ஒன்று அவர் நெல்லைப் பார்த்துவிட்டு, சான்று இருந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்றது. அவர் என்னிடம் கேட்டார்:

"நீ படிச்சவன், சொல்லுப்பா. மருந்தடிக்கிறவன எவனாவது காகிதம் கேக்குறானா? அடிக்காதவன்தான் அடிக்கலன்னு எழுதிக்கினு இருக்கணுமா?"

நியாயமான கேள்வி. இயற்கை விவசாயிகள் கூடுகிற இடத்தில் எல்லாம் இது வரும். நான் அவருக்குச் சொன்ன பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. "சித்தப்பா, நீங்க சொல்றது நியாயம். ஆனா அவன் அடிச்சதுக்குத் தனியா விலை கேக்கல. நீங்க அடிக்காததுக்கு விலை கேக்குறீங்க. கேக்குறவங்க நிரூபிக்கச் சொல்லுவாங்கதான்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வேறு ஒன்றைச் சொன்னார். அவர் வயல் கீழ்மடையில் இருக்கிறது. மேல்மடைக்காரர் யூரியா போட்டால் அது கால்வாய்த் தண்ணீரோடு இவருக்கு வருகிறது. பக்கத்து வயலில் மருந்தடித்தால் காற்றில் வருகிறது. சான்று விதிகள் நடுவில் இடைவெளி விடச் சொல்கின்றன. தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 2015-16 கணக்கெடுப்பின்படி 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் கீழே. அதில் வரப்போரம் இடம் விட்டால் மீதி என்ன? பெரிய பண்ணைக்கு அது ஓரத்தில் ஒரு கீற்று. சிறு விவசாயிக்கு ஒரு மாதச் சாப்பாடு. சான்றுக்குக் கட்டும் பணத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். நிலத்தின் அளவே சான்றுக்கு எதிராக இருப்பதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

இந்தச் சிக்கலுக்கு உலகத்தில் இரண்டு பதில்கள் முயன்று பார்க்கப்பட்டிருக்கின்றன. ஜப்பானில் 1970களில் 'தேய்கேய்' என்ற ஏற்பாடு வளர்ந்தது. நகரத்துக் குடும்பங்கள் சில சேர்ந்து ஒரு விவசாயியோடு நேரடியாக உறவு வைத்துக்கொள்வது. வயலுக்குப் போவார்கள், களை எடுப்பார்கள், விளைந்ததை வாங்கிக்கொள்வார்கள். முத்திரை கிடையாது.

இரண்டாவது, பிரேசிலின் தெற்கே 1998இல் உருவான 'எகோவிதா' வலைப்பின்னல். விவசாயிகளும் வாங்குபவர்களும் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்துச் சான்று சொல்வது. 2004இல் அதே பிரேசிலில் டோரஸ் என்ற ஊரில் பல நாட்டினர் கூடி இந்த முறைக்கு ஒரு பொதுப் பெயர் வைத்தார்கள். அதுதான் பி.ஜி.எஸ்., பங்கேற்பு உத்தரவாத முறை. இந்தியாவில் 2011இல் விவசாய அமைச்சகம் அதை எடுத்துக்கொண்டது. குறைந்தது ஐந்து விவசாயிகள் ஒரு குழு. உறுதிமொழி எடுத்து, ஒருவர் வயலை மற்றவர்கள் போய்ப் பார்த்து எழுத வேண்டும். உள்நாட்டு விற்பனைக்கு மட்டும் செல்லும். 1973இல் கலிபோர்னியாவில் விட்ட இடத்துக்கே சுற்றித் திரும்பி வந்திருக்கிறோம்.

தமிழ்நாட்டுக்கு இது அந்நியச் சரக்கு இல்லை. நம்மாழ்வார் காலத்து இயக்கம் ஒருவர் வயலை ஒருவர் போய்ப் பார்த்துத்தான் பரவியது. நெல் ஜெயராமன் ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கினவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாங்கினவரைக் கட்டிப்போட்டது பத்திரம் இல்லை, நாலு பேர் முன்னால் வாங்கியதுதான்.

இதில் ஓட்டையே இல்லையா? இருக்கிறது. பக்கத்து வயல்காரன் உறவுக்காரனாக இருந்தால் கண்ணை மூடிக்கொள்வான், பகையாளியாக இருந்தால் இல்லாததைச் சொல்வான். ஆனால் மருந்து வாசனை முதலில் யார் மூக்குக்கு வரும்? வருடத்துக்கு ஒருமுறை வருகிற ஆய்வாளர் மூக்குக்கு இல்லை. மேல்மடைக்காரரும் குழுவில் சேர்ந்தால் தண்ணீர்ப் பிரச்சினையும் பாதி தீரும். மூன்றாவது ஆளின் சான்று அவரை எதிராளியாகப் பார்க்கிறது. இந்த முறையில் அவரே சாட்சி ஆகலாம்.

ஆலை வாசலில்

ஆக, என் பதில் இது. அடுத்த தெருவுக்கும் அடுத்த ஊருக்கும் நேரில் விற்கிற சிறு விவசாயிக்குச் சான்று தேவையில்லை. சட்டமும் கேட்கவில்லை, வாங்குகிறவரும் வயலுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம். ஊரைத் தாண்டிக் கடை வழியாக விற்கிறவருக்கு ஐந்து பேர் குழு போதும். கடல் தாண்டினால் ஏற்றுமதிச் சான்று வேண்டும், அந்தச் செலவை வாங்கி விற்கிற கம்பெனி ஏற்க வேண்டும். சான்று என்பது தூரத்துக்குக் கொடுக்கும் வண்டிச்சத்தம். எவ்வளவு தூரம் போகிறோமோ அவ்வளவுதான் கொடுக்க வேண்டும். போகாத தூரத்துக்குச் சத்தம் கேட்பதுதான் அநியாயம்.

ஆனால் நெல் விளைவிக்கிறவருக்கு இதற்கு முன்னாலேயே ஒரு தடங்கல் இருக்கிறது. நெல்லை யாரும் அப்படியே சாப்பிடுவதில்லை. ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆரணிப் பக்கத்து நவீன ஆலைகள் லாரி லாரியாக வரும் நெல்லை இடைவிடாமல் அரைக்கக் கட்டப்பட்டவை. பத்து மூட்டை மாப்பிள்ளைச் சம்பாவுக்காகவோ தூயமல்லிக்காகவோ இயந்திரத்தை நிறுத்திச் சுத்தம் செய்து தனியாக அரைத்துக் கொடுக்க அவர்களுக்குக் கட்டாது. முன்பு கூலிக்கு அரைத்துக் கொடுத்த சின்ன மில்கள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. வயலில் எத்தனை சுத்தமாக விளைந்திருந்தாலும், எத்தனை சான்று கையில் இருந்தாலும், ஆலையில் அடுத்தவர் நெல்லோடு கலந்தால் அது வெறும் அரிசி.

2023 மார்ச்சில் தமிழ்நாடு அரசு அங்கக வேளாண்மைக் கொள்கை என்று ஒன்றை வெளியிட்டது. அதைச் செயல்படுத்துகிறவர்களிடம் அரிசி ஊரான ஆரணியிலிருந்து ஒரு கோரிக்கை வைக்கலாம். ஊருக்கு ஊர் சான்று முகாம் நடத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால், ஐந்து பேர் குழு ஒன்று பத்து மூட்டையைக் கொண்டுவந்தால் வேறு நெல் கலக்காமல் உமி நீக்கித் தருகிற சின்ன ஆலை ஒன்றைத் தாலுகாவுக்கு ஒன்றாகக் கொடுங்கள். அந்த அரிசிப் பையில் எந்த முத்திரை வேண்டுமானாலும் இருக்கட்டும். விளைவித்தவர் பெயரும் ஊரும் மட்டும் கட்டாயம் இருக்கட்டும். பட்டில் அதை எழுதாமல் விட்டதன் பலனை எங்கள் தெருவில் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.